அத்தான் அடித்த கறை

என் அக்காவின் கணவருக்குச் சந்தையில் 'முள்ளு' என்று பெயர். தராசின் நடுவில் ஆடி நிற்குமே, அந்த முள். எடைக்கல் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தலை தெருமுனையில் தெரிந்தாலே "முள்ளு வருது, முள்ளு வருது" என்று கடைக்குக் கடை சேதி பறக்கும். தட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் மெழுகு உருண்டைகள் மாயமாகும். ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பார்வை அவரை விட்டுப் போகவில்லை. ரொட்டி வாங்கினால் எடை போடுவார். பெட்ரோல் போடும்போது வண்டியிலிருந்து இறங்கி, மீட்டரில் மூக்கு முட்டுகிற தூரத்தில் நிற்பார். யாராவது "உங்களுக்காகச் சொல்றேன் சார்" என்று ஆரம்பித்தால் போதும், கை தானாகச் சட்டைப் பையைப் பொத்திக்கொள்ளும்.

முதல் தடவை எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தபோதே அவர் லட்சணம் தெரிந்துவிட்டது. பேச்சு மும்முரமாக நடந்துகொண்டிருக்கும்போது எழுந்து சமையலறைக்குள் போனார். அங்கே ஆணியில் தொங்கிய பழைய வில் தராசை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது கொஞ்சம் தள்ளிக் காட்டுது" என்று திரும்பி வந்து உட்கார்ந்தார். அப்பா என் காதில், "இவன் நம்ம வீட்டுக்கே சீல் வெச்சிட்டுப் போயிடுவான் போலிருக்கு" என்றார். அக்கா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்குப் பிடித்துப்போனது அதுதான் என்று பிற்பாடு சொன்னாள்.

வேலையில் இருந்த காலத்தில் திருட்டு எடையைப் பிடிக்க அவர் நேரே போவதில்லை. முன்பின் தெரியாத யாரையாவது அனுப்பிச் சாமான் வாங்கச் சொல்வார். வந்ததைத் தன் பெட்டியில் இருக்கும் பித்தளைக் கற்களோடு வைத்து நிறுத்துப் பார்ப்பார். குறைந்தால் அப்புறம்தான் கடைக்குள் கால் வைப்பார். "கேட்டா எல்லாரும் நல்லவன்தான். கேக்காமப் பாக்கணும்" என்பார்.

அந்தப் பித்தளைக் கற்களை அவர் வெறும் கையால் தொட்டதில்லை. மெல்லிய தோல் துணியால்தான் எடுப்பார். வருஷத்துக்கு ஒருமுறை அவற்றைத் தலைமை அலுவலகத்துக்குக் கொண்டு போக வேண்டும். அங்கே இருக்கும் கற்களோடு இவற்றை வைத்துச் சரிபார்ப்பார்கள். ஊரையே கலங்கடிக்கிறவருக்கு அன்றைக்கு மட்டும் பயம். சரியாகச் சாப்பிடக்கூட மாட்டார். "நம்ம கல்லு சரியில்லேன்னா ஊர்ல ஒருத்தனையும் கேள்வி கேக்க நமக்கு அருகதை கிடையாது" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டுவார். பெட்டியைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொடுப்பது அக்காவின் வேலை.

அக்காவின் நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகிறது என்று டாக்டர் சொன்னபோது, அத்தான் இன்னும் மூன்று டாக்டரிடம் போனார். அவர்களையும் நம்பவில்லை. ஆனால் அக்கா மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்ததை எந்தத் தராசிலும் போட்டுப் பார்க்க முடியவில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்குத் தருகிற பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்தது. நாங்கள் அதை மூச்சு மெஷின் என்போம். பழைய ஃபிரிட்ஜ் மாதிரி அது உறுமிக்கொண்டே இருக்கும். உறுமும்வரை எல்லோருக்கும் நிம்மதி. கரண்ட் போனால் கூவும். கூவியதும் அத்தான் எங்கே இருந்தாலும் ஓடி வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றிவிட வேண்டும்.

அந்த வெயில் காலத்தில் கரண்ட் போவதற்கு நேரம் காலமே கிடையாது. ஒருநாள் சிலிண்டரைத் திறந்தால் உஸ்ஸென்று ஒரு மூச்சோடு அடங்கிவிட்டது. காலி. ஆஸ்பத்திரியிலிருந்து வேறு சிலிண்டர் வருவதற்குள் அக்காவின் உதடு நீலம் பாரித்துவிட்டது. டாக்டர் அத்தானைத் தனியே கூப்பிட்டு, "மாடியில சோலார் பேனலும் கீழே பேட்டரியும் வெச்சிடுங்க. அடுத்த தடவை இப்படி ஆனா நான் எதுவும் உறுதி சொல்ல முடியாது" என்றார். முதல் முறையாக அத்தான் ஒரு மனிதர் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டார்.

பேனல் கடைக்காரர் பேனலையும் பேட்டரியையும் தருவார். மாடியில் இரும்புச் சட்டம் நிறுத்திப் பொருத்துவதற்குக் கூரை வேலை செய்கிற கான்ட்ராக்டர் ஒருவரை நாமே பிடித்துக்கொள்ள வேண்டுமாம். "மாடியில கசிவு கிசிவு வந்தா அது எங்க பொறுப்பு இல்லீங்க" என்று சிரித்தபடி ஒரு வார்த்தை விட்டார். அவ்வளவுதான். அத்தானுக்குள் தூங்கிக்கொண்டிருந்த முள்ளு விழித்துக்கொண்டது.

நான் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறேன். கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்குப் பவர் பார்க்கிற வேலை. தினமும் வேலைக்குப் போகும் முன் அக்காவைப் பார்த்துவிட்டுப் போவேன். அப்படி ஒரு காலையில் போனபோது, அத்தான் ஸ்டூலில் ஏறி நின்று, இஸ்திரி போடத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலால் அறையின் மேல்மூலையில் எதையோ பீய்ச்சிக்கொண்டிருந்தார். பால் கலக்காத டீ. சுண்ணாம்பு அடித்த தளத்தில் பழுப்பாக ஒரு கறை படர்ந்திருந்தது.

"என்ன அத்தான், கூரைக்கு டீ குடுக்கறீங்க?"

"சத்தம் போடாதே. இது பொறி" என்றார். "வர்ற கான்ட்ராக்டர்கிட்ட இந்தக் கறையைக் காட்டுவேன். 'ஐயய்யோ, கசியுது, உடைச்சுப் போட்டு வேலை செய்யணும்'னு சொன்னா அவன் திருடன். 'இது கசிவே இல்ல சார்'னு சொன்னா யோக்கியன்."

"நிஜமாவே கசிஞ்சா?"

"எப்படிக் கசியும்? மாடியில தட்டு ஓடு பதிக்கும்போது கூடவே நின்னு பாத்தவன் நான்."

"அதுக்கு ஏன் போயும் போயும் அந்த மூலை?"

என்னைப் பார்த்து இளக்காரமாகச் சிரித்தார். "மழைத்தண்ணி வெளியே போற குழாய் மேலே அந்த மூலையிலதான் இருக்கு. ஒரு வீடு கசிஞ்சா அங்கதான் முதல்ல கசியும். நட்ட நடுவுல அடிச்சா எவன் நம்புவான்?"

கட்டிலிலிருந்து அக்கா, "ஏங்க, அதுக்கு நேர் கீழதான் என் மெஷின் இருக்கு. அது மேல டீயை ஊத்தி வெச்சிடாதீங்க" என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டுதான் பேசுவாள். சிரிப்பதும் அப்படித்தான்.

முதலில் வந்தவர் கழுத்தில் டை கட்டியிருந்தார். செருப்பைக் கழற்றக்கூட மனமில்லை. ஃபோனைத் தடவி அக்கா வீட்டு மாடியைக் காட்டினார். "சாட்டிலைட்லயே பாத்துட்டேன் சார்."

"மேலே ஏறிப் பாக்கலையா?"

"அவசியமே இல்ல சார்."

ஆகாயத்திலிருந்து பார்க்கிறவருக்குப் பொறி எதற்கு? கறையைக் காட்டாமலே அத்தான் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அதில் எனக்கும் முழுச் சம்மதம்.

அடுத்து வந்தது ஒரு பெண்மணி. வேன் தெருமுனையில் திரும்பும்போதே குரல் வீட்டுக்குள் வந்துவிட்டது. அன்றே அவருக்கு லவுட் ஸ்பீக்கர் அம்மா என்று பெயர் வைத்துவிட்டேன். "இந்த ஊர்ல என் கை படாத மாடியே கிடையாது சார். மேயர் வீட்டு மாடியே நான்தான் போட்டேன்" என்று ஆரம்பித்தார். அத்தான் மெதுவாக, "மேயர் வீடு எந்தத் தெருவுல இருக்கு?" என்று கேட்டார். அம்மாள் இருமினார். பிறகு பேச்சைப் பேட்டரி பக்கம் திருப்பினார். அத்தான் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

கறையைக் காட்டியதும் அந்த அம்மாள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். வெகுநேரம் டொக் டொக்கென்று தட்டுகிற சத்தம் கேட்டது. இறங்கி வந்தவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"குழாய் வாய்கிட்ட தட்டோடு உள்ளே காலியா, பொள்ளலா கேக்குது சார். அந்த மூலையில தண்ணி இறங்குது. முதல்ல அதை உடைச்சு எடுத்துச் சரி பண்ணணும். அப்புறம்தான் சட்டம். அதுவும் தளத்துல ஓட்டை போட மாட்டேன். கான்கிரீட் கட்டை வெச்சு அது மேலதான் நிறுத்துவேன்."

அத்தான் இதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார். பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு அந்தப் பாட்டிலை எடுத்தார். பெரிய கடைக்காரனைக் கையும் களவுமாகப் பிடித்த பழைய முகம் வந்துவிட்டது. "இந்தத் தண்ணியா இறங்குது? முகர்ந்து பாருங்க. டீ."

அம்மாளின் முகம் சிவந்தது. "என்னை வெச்சு விளையாட்டுக் காட்டறீங்களா? கறை நீங்க அடிச்சதா இருக்கலாம். நான் கறையைப் பாத்துச் சொல்லலையே. மேலே தட்டிப் பாத்துச் சொன்னேன்."

"மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்லத்தான் செய்வாங்க."

வேன் கிளம்பின வேகத்தில் தெருவெல்லாம் புழுதி. அக்கா கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தம்மா தட்டினது எனக்குக் கீழே கேட்டுதுங்க. அந்த மூலைக்கு வந்தப்போ சத்தம் வேற மாதிரி இருந்துச்சு."

"நீ பேசாம மூச்சை விடு" என்றார் அத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேயர் விஷயத்தில் ஒரு பொய் சொன்னவள் மூலை விஷயத்திலும் பொய்தான் சொல்வாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். ஒரு கல் குறைந்தால் பெட்டியையே பறிமுதல் செய்து பழகியவர்.

மூன்றாவது ஆள் கல்லுளிமங்கன். வந்தார், நின்றார், தலையை ஆட்டினார். "வணக்கம்" என்று சொன்னால்கூடக் குறைந்துவிடும் போலிருந்தது. இந்த ஊமைத்தனமே அத்தானுக்குப் பிடித்துவிட்டது. அந்த ஆள் மாடிக்குப் போய்விட்டு, போன வேகத்திலேயே இறங்கி வந்தார். அத்தான் கறையைக் காட்டினார்.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு "இது நல்லா தெரியுதா, அது நல்லா தெரியுதா?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. கேட்கும்போது என் குரல் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலும் போதும், எதிரே இருக்கிறவர் அந்தப் பக்கத்தையே சொல்வார். கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லமாட்டார், என் முகத்தைப் பார்த்துச் சொல்வார். அதனால் முகத்தை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொள்ள எங்களுக்குப் பயிற்சி உண்டு. அத்தானுக்கு அந்தப் பயிற்சி கிடையாது.

"இது... கசிவாத்தான் இருக்குமோ?" என்று இழுத்தார். கண் இரண்டும் மின்னின. கழுத்து முன்னால் நீண்டது. உதட்டு ஓரத்தில் சிரிப்பு ஒன்று எட்டி எட்டிப் பார்த்தது. கல்லுளிமங்கன் கறையை அரை நொடி பார்த்தார். அத்தான் முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

"இல்ல" என்றார்.

அத்தான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் மனிதர் தோள் கழன்றிருக்கும். வேலை அவருக்கே என்று அங்கேயே முடிவாயிற்று. அவர் போனதும் நான் பொரிந்து தள்ளினேன். "அத்தான், நீங்க கேட்ட கேள்வியிலயே பதில் இருந்துச்சு. அந்தாளு உங்க மூஞ்சியைப் பாத்து சொன்னான்."

"உனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்" என்றார் அத்தான்.

இதை அவர் வாயால் கேட்கிற பாக்கியமும் எனக்குக் கிடைத்தது. அக்காவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆனது. அதற்கப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கல்லுளிமங்கனின் ஆட்கள் வந்தார்கள். மாடியில் டிரில் போடுகிற சத்தத்தில் அக்காவின் தண்ணீர் டம்ளர் மேஜையில் நகர்ந்தது. தளத்தில் ஓட்டை போட்டுப் போல்ட் இறக்கிச் சட்டத்தின் கால்களை நிறுத்தினார்கள். ஒரு கால் சரியாக அந்த மழைத்தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில். பேட்டரிக்கு இடம் வேண்டும் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த சிலிண்டரைத் தூக்கிக் கூடத்தில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் பேட்டரியை இறக்கிவிட்டுப் போனார்கள். பேனல்கள் அடுத்த வாரம் வரும் என்றார்கள். அத்தான் மேலே போய்ச் சட்டத்தை ஆட்டி ஆட்டிப் பார்த்து, "அசையல பாத்தியா?" என்று பூரித்துப்போனார்.

பேனல் வருவதற்கு முன் மழை வந்தது. அன்று எனக்கு விடுமுறை. மத்தியானம் அக்காவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். வெளியே சோவென்று பெய்தது. வெயில் தணிந்ததே என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். சொட் என்று ஒரு சத்தம். மெஷினின் மூடி மேல் ஒரு பழுப்புச் சொட்டு. நிமிர்ந்து பார்த்தேன். கறை ஈரமாக மினுங்கியது. அத்தான் கதவோரம் நின்று வாயைப் பிளந்தார்.

"நான் இன்னிக்கு அடிக்கவே இல்லையே!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் சொட்டு, தாரையாகிவிட்டது. மெஷின் ஒருமுறை கூவியது. கருகின வாடை வந்தது. உறுமல் நின்றுவிட்டது.

"சிலிண்டர்!" என்று கத்தினேன். அத்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் வழக்கமான இடத்துக்குப் பாய்ந்தார். அங்கே பேட்டரி உட்கார்ந்திருந்தது. ஒரு கணம் அவருக்கு எதுவுமே விளங்கவில்லை. நான் கூடத்துக்கு ஓடி இழுத்து வந்தேன். நிலைப்படியில் சக்கரம் மாட்டிக்கொண்டது. அக்கா படுக்கை விரிப்பைப் பிடித்து இழுக்கிற சத்தம் அங்கே கேட்டது. இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினோம். அந்தக் கனத்தை எப்படித் தூக்கினோம் என்று இன்றுவரை தெரியாது. குழாயை மாட்டித் திறந்தோம். அக்காவின் உதடு மறுபடி அந்த நிறத்துக்கு வந்திருந்தது. அத்தான் அவள் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "விடும்மா, மூச்சு விடும்மா" என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நிறம் திரும்பியதும் நான் கல்லுளிமங்கனுக்கு ஃபோன் போட்டு வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவர் அதிகம் பேசியது அன்றுதான். "விரிசல் இருந்துச்சு, பாத்தேன். 'கசிவு இல்ல'ன்னு சொல்லணும்னுதானே சார் நின்னாரு. சொன்னேன்." வைத்துவிட்டார். அத்தானுக்கு அது பக்கத்திலேயே கேட்டது. முகத்தில் ஈயாடவில்லை.

அந்தப் பாட்டிலை எடுத்து அவர் தலையிலேயே கவிழ்க்க வேண்டும் என்கிற அளவுக்கு எனக்கு ஆத்திரம். வாயைத் திறப்பதற்குள் அக்கா கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். மூக்கில் குழாயோடு, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

"ஏங்க... வருஷா வருஷம் உங்க கல்லை... எடுத்துட்டுப் போய்... சரி பாத்துட்டு வருவீங்களே. நம்ம மாடி நல்லா இருக்குன்னு... இதை மட்டும்... யார்கிட்ட சரி பாத்தீங்க?"

அத்தான் சட்டை ஈரத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மழை கொஞ்சம் தணிந்ததும் எழுந்தார், குடையைக்கூட எடுக்காமல் வெளியே போனார்.

லவுட் ஸ்பீக்கர் அம்மாள் மறுநாள் வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் காரியமாகப் பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கதவைத் திறந்து பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்தார். "இந்தத் தடவை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க சார்?" என்றார். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஊரையே சந்தேகப்பட்ட மனிதரை வீடு புகுந்து ஒருத்தி சந்தேகப்பட்டுவிட்டாள். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வாடகை மெஷின் வந்ததும், அக்காவை முன்னறைக்கு மாற்றினோம். அம்மாளின் ஆட்கள் போல்ட்டுகளைப் பிடுங்கினார்கள். மூலையை உடைத்தபோது தட்டோட்டுக்கு அடியில் ஜல்லி ஈரத்தில் ஊறி உதிர்ந்து வந்தது. எத்தனை மழை உள்ளே இறங்கியதோ. எல்லாம் பூசி, காய்ந்து, கான்கிரீட் கட்டைகள் வைத்துச் சட்டம் நின்ற பிறகும் அந்த அம்மாள் பேனலை ஏற்றவில்லை. குழாய் வாயை அடைத்து, மாடி முழுக்கக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் கட்டினார்.

"நாளைக்கு வரைக்கும் நிக்கட்டும். கீழே சொட்டுச்சுன்னா எனக்கு வேலை தெரியலைன்னு அர்த்தம். மேயர் வீட்லயும் இப்படித்தான் செஞ்சேன்" என்றார்.

மேயர் பேச்சு வந்ததும் அத்தானின் உதடு துடித்தது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டார்.

அந்த அம்மாள் போன பிறகு அத்தான் நாற்காலி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து, காலி அறையில் அந்த மூலைக்கு நேர் கீழே போட்டார். கழுத்தை அண்ணாந்தபடி உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு, மேலே பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். பூச்சு புதிதாக வெள்ளையாக இருந்தது. தளத்துக்கு மேலே ஒரு குளமே நின்றது.

சாயங்காலம் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, நீளக் குழாயை இழுத்தபடி அறை வாசல்வரை வந்தாள்.

"இன்னும் சந்தேகமா?" என்று கேட்டாள்.

அத்தான் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தம்மா மேல இல்ல" என்றார்.